காலி நாற்காலியிடம் பேசினால் வீட்டுச் சண்டை தீருமா? கவுன்சலிங் அறைக்குள் நடக்கும் 'நாடகம்'!

ஆரம்பாக்கத்தில் பொழுது விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றிவிடும். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 16-ல், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். தெற்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். வடக்கே எல்லையைத் தாண்டினால் தடா, அதையடுத்து ஸ்ரீசிட்டி. இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. ஒரே வீட்டில் கணவனுக்கு நைட் ஷிப்ட், மனைவிக்கு மார்னிங் ஷிப்ட் என்றால், ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டுகிறார். வாசற்படியில் பார்த்துக்கொள்ளும் அந்த 5 நிமிடத்தில் பால் பாக்கெட், இ.எம்.ஐ., பிள்ளையின் ஜுரம், மாமியாரின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். 5 நிமிடத்தில் எதைப் பேசுவது? சண்டைதான் போட முடியும்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் கவுன்சலிங்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. இந்தப் பகுதியில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி, அவ்வளவுதான்.

முதல் அரை மணி நேரம் அவர் மாமியாரைப் பற்றிச் சொல்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்வதைச் சொல்லிக்காட்டுகிறார், அக்கம் பக்கத்தில் போய்க் குறை சொல்கிறார், சம்பள ஏ.டி.எம். கார்டை மகனிடம் கொடுக்கச் சொல்கிறார். எல்லாம் மனப்பாடம் செய்ததுபோல வருகிறது. அக்காவிடமும் பஸ்ஸில் பக்கத்து சீட் தோழியிடமும் பலமுறை சொன்ன கதைதானே!

கவுன்சலர் எழுந்து போய் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போடுகிறார்.

"இதுல உங்க அத்தை உக்காந்திருக்காங்க. என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயே சொல்லுங்க."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வருகிறது. "இன்னா மேடம், நாற்காலிகிட்ட என்னத்த பேசறது?"

## சிரிப்பு நின்ற இடம்

கிட்டத்தட்ட எல்லோருமே முதலில் சிரிப்பார்கள். வெட்கம் வரும், 'பைத்தியக்காரத்தனம்' என்று தோன்றும். கவுன்சலர் அவசரப்படுத்த மாட்டார். "அத்தை என்ன புடவை கட்டியிருக்காங்க? எப்படி உக்காந்திருக்காங்க?" என்று கேட்பார். வெளிர் நீலப் புடவை, ஒரு காலை மடக்கி, கையை முட்டியில் ஊன்றி... என்று சொல்லச் சொல்ல, அந்த நாற்காலி மெல்ல ஆளாக மாறத் தொடங்கும்.

"நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி வெச்சிட்டுத்தானே அத்தை போறேன்..." என்று ஆரம்பிக்கிறார். இரண்டாவது வாக்கியத்தில் குரல் உயர்கிறது. மூன்றாவதில் உடைகிறது. "உங்க பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" இந்தக் கேள்வியை அவர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அக்காவிடம் சொன்ன கதையில் இந்த வரி இல்லை.

அடுத்துதான் இந்த முறையின் முக்கியமான கட்டம். "இப்போ எந்திரிச்சு அந்த நாற்காலியில உக்காருங்க. நீங்கதான் அத்தை. மருமக கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

இடம் மாறி உட்காருகிறார். தன்னையறியாமல் ஒரு காலை மடக்குகிறார். கை முட்டிக்குப் போகிறது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "நாள் முழுக்க அந்தப் புள்ள பின்னாடி ஓடிக்கினு கெடக்குறேன். நீ வந்ததும் போனைத் தூக்கினு உக்காந்துடுற. சாப்டியா அத்தைன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பியா?"

அறையில் யாரும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை. 'உன் மாமியாரும் பாவம்தானே' என்று கவுன்சலர் அறிவுரை சொல்லியிருந்தால், 'உங்களுக்கென்ன மேடம், நீங்க இருந்து பாத்தா தெரியும்' என்று எழுந்து போயிருப்பார். அதே விஷயம் அவர் வாயிலிருந்தே வரும்போது தட்டிவிட முடிவதில்லை.

இதனால் மாமியார் செய்தது சரியென்று ஆகிவிடுமா? ஆகாது. ஏ.டி.எம். கார்டு அவருடைய சம்பளம் வரும் கார்டு. அது அவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால், ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்த கோபத்தில் கார்டு சண்டை எது, 'சாப்டியா' என்று கேட்காத வருத்தம் எது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. முதலாவதைப் பேச வேண்டியது கணவனிடம். இரண்டாவது மாமியாரிடம்.

## வியன்னாவில் ஒரு காலி சிம்மாசனம்

கவுன்சலிங் அறைக்குள் நடிப்பைக் கொண்டுவந்தவர் ஜேக்கப் லெவி மொரேனோ. 1889-ல் ருமேனியாவின் புகாரெஸ்ட்டில் பிறந்து, ஆஸ்திரியாவின் வியன்னாவில் வளர்ந்து மருத்துவரானவர். இளைஞராக இருந்தபோது வியன்னா பூங்காக்களில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார், அவர்களையே நடிக்கவைப்பார். பெற்றோர் பேச்சைக் கேட்காத பிள்ளைகள் அந்த நடிப்புக்குள் வேறு ஆளாக மாறுவதை அங்கேதான் கவனித்தார்.

1921 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம். வியன்னாவில் ஒரு நாடக அரங்கின் திரை விலகியது. மேடையில் ஒரு சிம்மாசனம் மட்டும் இருந்தது. நாடகமும் இல்லை, நடிகர்களும் இல்லை. முதல் உலகப்போரில் தோற்று, மன்னராட்சி முடிந்து, நாடே யார் ஆள்வது என்று குழம்பிக் கிடந்த நேரம் அது. 'வந்து இந்தச் சிம்மாசனத்தில் உட்காருங்கள், நீங்கள் ராஜாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று காட்டுங்கள்' என்று பார்வையாளர்களை அழைத்தார் மொரேனோ. நிகழ்ச்சி பெரிதாக எடுபடவில்லை. ஆனால், 'சைக்கோட்ராமா' எனப்படும் உளநாடக முறையின் பிறந்தநாளாக அவர் பின்னாளில் சொன்னது அந்த நாளைத்தான்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கதை, நம் ஊர் வீடுகளுக்கும் அப்படியே பொருந்தும். அவருடைய நாடகக் குழுவில் பார்பரா என்று ஒரு நடிகை. மேடையில் எப்போதும் சாதுவான, தெய்வாம்சமான பாத்திரங்கள்தான் செய்வார். அவரைக் காதலித்து மணந்த ஜார்ஜ் ஒருநாள் மொரேனோவிடம் வந்து புலம்பினார். 'மேடையில் தேவதை, வீட்டில் வேற மாதிரி. வாயைத் திறந்தாலே வசவு, கோபம் வந்தால் கையும் நீளும்!'

மொரேனோ அறிவுரை சொல்லவில்லை. பார்பராவுக்கு அன்று இரவே தெருவில் சண்டைபோடும் ஒரு முரட்டுப் பெண் வேடம் கொடுத்தார். பார்பரா மேடையில் வெளுத்து வாங்கினார். தொடர்ந்து அதே மாதிரி வேடங்கள். வீட்டில் கோபம் வரும்போது மேடை ஞாபகம் வந்து பாதியிலேயே சிரித்துவிடுகிறார் என்று கணவர் வந்து சொன்னார். பிறகு ஜார்ஜையும் மேடையேற்றி, அவர்கள் வீட்டுக் காட்சிகளையே இருவரும் நடித்துக்காட்டும்படி செய்தார். பார்த்தவர்களில் பலர், மற்ற நாடகங்களைவிட இது மனதைத் தொட்டதாகச் சொன்னார்களாம். எல்லார் வீட்டுக் கதையும் அதுதானே.

மொரேனோவின் கதை இங்கே சுபமாக முடிந்துவிடும். ஆனால், பின்னாளில் தேடிப் பார்த்தவர்கள், இந்தக் கதைக்குப் பின்னால் இருந்த நிஜத் தம்பதி பிரிந்துவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். உளநாடகத்தைப் பற்றி யாராவது 'ஒரே செஷனில் எல்லாம் சரியாகிவிடும்' என்று விற்க வந்தால், இந்த இரண்டாம் பாதியையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

மொரேனோ 1925-ல் அமெரிக்கா போனார். 1936-ல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் என்ற ஊரில் ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கி, அதற்குள்ளேயே ஒரு நாடக மேடையும் கட்டினார். காலி நாற்காலி முறையைப் பிரபலமாக்கியவர், ஜெர்மனியில் பிறந்த ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ். 'கெஸ்டால்ட்' சிகிச்சை முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். மொரேனோவின் நிகழ்ச்சிகளை நேரில் பார்த்தவர்.

## 'சந்திரமுகி' செய்தது சரியா?

'இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்' என்று நினைப்பவர்கள், 2005-ல் வந்த 'சந்திரமுகி' கிளைமாக்ஸை நினைத்துப்பாருங்கள். தன்னை சந்திரமுகியாகவே நினைக்கும் கங்காவுக்காக, மனநல மருத்துவரான ரஜினி வேட்டையனாக வேடம் போடுகிறார். வேட்டையன் என்று நினைத்து பொம்மையை அவர் எரித்ததும் குணமாகிறார். 1993-ல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்' படத்திலிருந்து வந்த யோசனை அது. சினிமாவாக அருமை. ஆனால், நிஜ கவுன்சலிங் இதற்கு நேர் எதிர். படத்தில் நோயாளிக்கு அது நாடகம் என்றே தெரியாது, அவர் ஏமாற்றப்படுகிறார். கவுன்சலிங் அறையில் இது நடிப்பு என்று இருவருக்கும் தெரியும். எப்போது வேண்டுமானாலும் 'போதும்' என்று நிறுத்தலாம். அந்த அனுமதி இல்லாவிட்டால் அது சிகிச்சையே இல்லை.

சினிமாவுக்கும் முன்னால் நம்மிடம் இது வேறு உருவங்களில் இருந்திருக்கிறது. எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டிகள் செத்தவரைப் 'பற்றி' பேசுவதில்லை, அவரிடமே பேசுவார்கள். ஏன் போனாய், என்ன குறை வைத்தேன் என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். வாழும்போது கேட்க முடியாமல் போன கேள்விகளும் அதில் வந்துவிழும். திருவிழாவில் சாமி வந்து ஆடும் மருமகள், மற்ற நாளில் நிமிர்ந்து பார்க்காத மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதை எத்தனை பேர் பார்த்திருப்போம்! வட மாவட்டங்களின் தெருக்கூத்தில், ராஜா சொல்லாமல் மறைப்பதைக் கட்டியங்காரன் போட்டு உடைப்பான். உளநாடகத்திலும் அப்படி ஒருவர் உண்டு. பேசுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் சொல்லத் தயங்குவதைச் சொல்லிப் பார்ப்பார். 'எனக்குக் கோபமில்லை' என்று முன்னால் இருப்பவர் சொன்னால், 'கோபமில்லை, ஆனா பயமா இருக்கு' என்று பின்னாலிருந்து குரல் வரும். சரியென்றால் அவர் ஏற்றுக்கொண்டு தொடர்வார். தப்பென்றால், 'அப்படியில்லை' என்று திருத்துவார். திருத்தும்போதும் உண்மைதான் வெளியே வருகிறது.

வித்தியாசம் என்னவென்றால், சாமி மலையேறியதும் பேசியதெல்லாம் சாமி கணக்கில் போய்விடும். கவுன்சலிங்கில் பேசியது உங்கள் கணக்கில்தான். மறுநாள் அதை வைத்துக்கொண்டு வீட்டில் வாழ வேண்டும்.

## அறிவுரையைவிட ஒத்திகை

நம் குடும்பங்களில் பஞ்சமே இல்லாத சரக்கு அறிவுரை. பெரியப்பாவில் தொடங்கி வாட்ஸ்அப் குரூப் வரை எங்கும் கிடைக்கும். அது எவ்வளவு வேலை செய்கிறது என்று உளவியலாளர் அர்னால்ட் லாசரஸ் 1966-ல் ஒரு சோதனை செய்து பார்த்தார். மனிதர்களோடு பழகுவதில் குறிப்பிட்ட சிக்கல் இருந்த 75 பேரை, 25 பேராக மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அறிவுரை. ஒரு குழுவுக்கு, சொல்வதைப் பரிவோடு கேட்பது. மூன்றாவது குழுவுக்கு ஒத்திகை. அதாவது, யாரிடம் பேச வேண்டுமோ அவராக கவுன்சலர் நடிக்க, பேச வேண்டியதைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்ப்பது. பரிவோடு கேட்ட குழுவில் 32 சதவிகிதம் பேரும், அறிவுரை பெற்ற குழுவில் 44 சதவிகிதம் பேரும் முன்னேறினார்கள். ஒத்திகை பார்த்த குழுவில் 92 சதவிகிதம். சிகிச்சை கொடுத்தவரும் மதிப்பிட்டவரும் லாசரஸேதான் என்பதால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும். ஆனாலும் திசை தெளிவு.

அந்த ஆரம்பாக்கம் பெண்ணுக்கும் அடுத்த கட்டம் ஒத்திகைதான். கார்டைத் திரும்பக் கேட்க வேண்டும். கவுன்சலர் இப்போது கணவன். அதுவும் நல்ல கணவன் இல்லை, களைத்துப்போய் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?" என்கிறார். முதல் தடவை அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிடுகிறார். இரண்டாவது தடவை கத்துகிறார். மூன்றாவது தடவை, "இப்போ வேணாம், நீ தூங்கு. ஞாயித்துக்கெழமை காலைல பேசணும். கார்டைப் பத்தி" என்கிறார். கேட்க சாதாரணமாக இருக்கிறது. ஆனால், வாசற்படி 5 நிமிடத்திலிருந்து அந்தச் சண்டையைத் தூக்கி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தது பெரிய வேலை.

குடியை விட முயல்பவர்களுக்கும் இதே முறை பயன்படுகிறது. மறுபடி குடிக்காமல் இருப்பதற்கான சிகிச்சைகளில், 'வேணாம்' என்று சொல்லிப் பழகுவது ஒரு பாடம். சம்பள நாளன்று கம்பெனி வாசலில் கூட்டாளி, 'ஒரே ஒரு கட்டிங், எனக்காக' என்று தோளில் கைபோடுவார். அந்தக் கூட்டாளியாகக் குழுவில் இருக்கும் இன்னொருவரே நடிப்பார். இந்த வேடத்தில் எல்லோருமே பிரமாதமாக நடிக்கிறார்கள் என்பதில் ஆச்சர்யமில்லை.

காலி நாற்காலிக்கும் ஆய்வு இருக்கிறது. கனடாவில் சாண்ட்ரா பைவியோ, லெஸ்லி கிரீன்பெர்க் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய ஒருவர்மீது ஆறாத மனக்குறையோடு இருந்த 34 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்குக் காலி நாற்காலி உரையாடல், இன்னொரு பாதிக்கு வகுப்பு போல விளக்கம். நாற்காலியோடு பேசியவர்களிடம் முன்னேற்றம் தெளிவாக அதிகம், பின்னாளில் சோதித்தபோதும் அது நீடித்தது. இந்த ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விஷயத்தை நம் ஊர் பஞ்சாயத்துகள் அவசியம் கேட்க வேண்டும். மனக்குறை தீர்வது என்றால் மன்னிப்பது மட்டுமல்ல. 'நீ செய்தது தப்பு, அதற்கு நீதான் பொறுப்பு' என்று தெளிவாகச் சொல்லி முடிப்பதும் தீர்வுதான்.

## போர் விட்ட காயத்துக்கு அரங்கு

ஆரம்பாக்கத்திலிருந்து சற்றுத் தெற்கே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே வளர்ந்த தலைமுறையின் தாய் தந்தையர் விட்டுவந்த மண்ணில், நடிப்பு மனக்காயத்துக்கு மருந்தாகப் பயன்பட்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1990-களின் தொடக்கத்தில் மேடையேறிய 'அன்னை இட்ட தீ' நாடகம், போர் மனதுக்குள் விட்ட காயத்தைப் பேசியது. அதே காலத்தில் அங்கே மனநல மருத்துவராக இருந்தவர் தயா சோமசுந்தரம். போரில் சிக்கிய தமிழர்களின் மனநிலையைப் பற்றி அவர் எழுதியவை உலக அளவில் படிக்கப்படுகின்றன.

மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கப்பட்ட 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' இன்னொரு உதாரணம். கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், உளவியல் படித்த பாதிரியார் பால் சற்குணநாயகமும் சேர்ந்து உருவாக்கியது. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். களிமண் பிசைவார்கள், கதை கட்டுவார்கள், வேடம் போடுவார்கள். 'உனக்கு என்ன நடந்தது?' என்று யாரும் குடைந்து கேட்பதில்லை. அந்தப் பிள்ளை சிங்கமாகவோ பூதமாகவோ இருந்துகொண்டு எதைச் சொல்ல விரும்புகிறதோ சொல்லட்டும்.

சென்னையிலும் உளநாடகத்துக்கு இன்று முறையான பயிற்சி இருக்கிறது. மேக்டலின் ஜெயரத்தினம் வழிநடத்தும் 'இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சைக்கோட்ராமா' இங்கிருந்து இயங்குகிறது. ஆனால், சென்னையில் இருப்பதும் ஆரம்பாக்கத்தில் கிடைப்பதும் ஒன்றல்ல. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ரயில் பிடித்து, ஒருநாள் சம்பளத்தை விட்டு, வாரம் ஒருமுறை சென்னை போய்வர யாரால் முடியும்?

## 'அவர் இடத்துல இருந்து பாரும்மா' என்று சொல்லவே கூடாத இடம்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம், 'அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்' என்று ஆரம்பிப்பது கவுன்சலிங் ஆகாது, கொடுமை. அடித்தவரின் நியாயத்தை அடிபட்டவர் வாயாலேயே பேசவைப்பதில் போய் முடியும். ஏற்கெனவே 'நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்' என்று நம்பவைக்கப்பட்டவர் அவர். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா' என்று ஊரே சொல்வதை நாற்காலி போட்டுச் சொல்வதற்கு ஒரு கவுன்சலர் தேவையில்லை.

அடி, மிரட்டல், சந்தேகத்தால் வீட்டுக்குள் அடைத்து வைப்பது போன்றவை இருந்தால், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து நடிக்கச் சொல்வதும் ஆபத்து. அறையில் தைரியமாகப் பேசிய ஒரு வாக்கியத்துக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டி வரலாம். அதனால்தான் அனுபவமுள்ள கவுன்சலர்கள் முதலில் தனித்தனியாகப் பேசி, வீட்டில் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். இல்லையென்றால், முதல் வேலை நாடகம் இல்லை, பாதுகாப்பு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. மனரீதியான துன்புறுத்தலும், பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் அடங்கும். ஏ.டி.எம். கார்டை மிரட்டிப் பறித்து வைத்துக்கொள்வதும்கூட வெறும் 'வீட்டுச் சண்டை' இல்லை. மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கும் காலி நாற்காலி பயன்படும், வேறு விதமாக. அவர் அந்த நாற்காலிக்குப் போய் உட்கார மாட்டார். தன் நாற்காலியிலிருந்தே, அல்லது எழுந்து நின்றே, 'என்மேல கை வெக்காதே' என்று சொல்லிப் பார்ப்பார். நாற்காலியை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்வார். சிலர் அறையின் கோடிக்கே தள்ளி வைப்பார்கள். கதவுக்கு வெளியே வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு பதில்தான்.

குரல்கள் கேட்பது, இல்லாதது தெரிவது போன்ற தீவிர மனநலப் பிரச்னை உள்ளவர்களிடமும், சமீபத்தில் பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடமும் இதைச் சும்மா முயன்று பார்க்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள்கூட மருத்துவரோடு சேர்ந்துதான் செய்வார்கள். லண்டனில் ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவர், நோயாளியை மிரட்டும் குரலுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு முகம் கொடுத்து, அதோடு நோயாளியைப் பேசவைக்கும் 'அவதார்' சிகிச்சையை உருவாக்கினார். அங்கேயும் பக்கத்து அறையில் மருத்துவர் இருந்து, ஒவ்வொரு நொடியும் கவனித்தபடிதான் அது நடக்கும்.

## எங்கே போவது, என்ன கேட்பது?

கையில் இருக்கும் போன்தான் முதல் வழி. மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசம். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என 20 மொழிகளில் பேசலாம் என்பது சிப்காட் பகுதிக்கு ரொம்பவே பொருந்துகிறது. தெலுங்கு பேசும் வீடுகளும், வடமாநிலத் தொழிலாளர்களின் வாடகை அறைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் இது. தமிழ்நாடு அரசின் 104-ம் உண்டு. போனில் நாற்காலி போட முடியாதுதான். ஆனால், 'நாளைக்கு அவர்கிட்ட எப்படி ஆரம்பிப்பீங்க? என்கிட்ட சொல்லிப் பாருங்க' என்று ஒத்திகை பார்க்க போனே போதும்.

நேரில் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை இலவசம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. ஆனால், ஆரம்பாக்கத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போவது சென்னைக்குப் போவதைவிடச் சுலபமில்லை. எந்த நாளில், எந்த மருத்துவமனையில் மனநல மருத்துவர் வருகிறார் என்று கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஒருநாள் லீவு மிச்சம்.

தனியார் கவுன்சலரிடம் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள், இந்த முறையில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு இருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். 2 நாள் ஒர்க்‌ஷாப் முடித்துவிட்டு நாற்காலி போடுபவர்களும் உண்டு. அழவைப்பது யாராலும் முடியும். அழுதவரைத் திரும்ப நிதானத்துக்குக் கொண்டுவந்து, பஸ் ஏறும் நிலையில் வீட்டுக்கு அனுப்பத் தெரிய வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா? காலி நாற்காலி வேண்டாம். ஒரு சின்ன பயிற்சி மட்டும் செய்யலாம். ஒருவர் 2 நிமிடம் பேசட்டும். மற்றவர் பதில் சொல்லக் கூடாது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'நீ சொல்றது இதுதானே?' என்று கேட்டு, 'ஆமா' என்று வந்த பிறகுதான் அவருடைய முறை. கேட்க எளிது. முதல் தடவை பாதிப் பேரால் முடியாது, 'ஆனா நீ மட்டும்...' என்று வந்துவிடும். நீயா நானா என்று ஆகிவிட்டால், அன்றைக்கு விட்டுவிட்டு டீ போடுங்கள்.

## வேடம் கலைத்தல்

கூத்து முடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போவார்கள்? இங்கேயும் அது உண்டு. இடம் மாறி உட்கார்ந்தவர், மற்றவரின் கோபத்தையோ துக்கத்தையோ தூக்கிக்கொண்டு வெளியே போகக் கூடாது. அதனால் கவுன்சலர் கடைசி 10 நிமிடத்தை அதற்காகவே ஒதுக்குவார்.

அந்தப் பெண்ணிடம், "அந்த நாற்காலியில இருக்கிறது யாரு?" என்கிறார்.

"யாருமில்ல மேடம். நாற்காலிதான்."

"நீங்க யாரு?"

தன் பெயரைச் சொல்கிறார். எந்த கம்பெனி, எந்த லைன், எத்தனை மணி ஷிப்ட் என்று சொல்கிறார். கைகளை உதறுகிறார். தண்ணீர் குடிக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியை அவரே தூக்கி, சுவரோரம் மற்ற நாற்காலிகள் மேல் அடுக்குகிறார். மணி பார்க்கிறார். எளாவூர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ இன்னும் 10 நிமிடத்தில் கிளம்பிவிடும்.

வாசலில் செருப்பை மாட்டும்போது போன் அடிக்கிறது. திரையில் 'அத்தை' என்று வருகிறது. ஒரு நொடி பார்க்கிறார். எடுக்கிறார்.

"சொல்லு அத்தை. கொழந்த தூங்கிட்டானா? நீ சாப்டியா?"